மேற்படி

சென்ற இதழில் மூன்று கவிதைத் தொகுதிகளுக்கு மதிப்புரை வந்திருந்தது. எழுதியவர் நண்பர். நிறையப் படித்தவர், அவசரக்காரர் அல்ல. ஆனாலும் இரண்டு பக்க மதிப்புரையில் 'அதே' என்ற சொல் ஒன்பது தடவை வருகிறது. அதே தனிமை, அதே ஜன்னல், அதே மழை, அதே செத்துப்போன பாட்டி. முடிவில், இதையெல்லாம் எழுபதுகளிலேயே செய்து முடித்தாகிவிட்டது என்று ஒரு தீர்ப்பு. தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். என் தகராறு அந்த ஒன்பது 'அதே'க்களோடு. நண்பரும் என்னைப் போல ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்தவர். விமர்சனம் எழுத உட்காரும்போது எங்கள் பேனா 'அதே' என்று எழுதினாலும் மனசுக்குள் ஓடுவது 'ஸேம்' என்ற சொல். இரண்டும் ஒரே சொல்தானே என்பீர்கள். இல்லை என்று எனக்குப் படுகிறது.

'ஸேம்' ஆங்கிலேயனுக்கே சொந்தச் சரக்கு அல்ல. பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருந்த சொல் 'இல்கா'. கொள்ளையடிக்கக் கப்பலில் வந்து, பிறகு நிலம் பிடித்து உழுது குடியேறிவிட்ட நார்ஸ்காரர்களின் 'ஸம்ர்'தான் சுமார் 1200 வாக்கில் ஆங்கில எழுத்தில் 'ஸேம்' என்று தலைகாட்டுகிறது. போகப்போக 'இல்கா'வைத் துரத்திவிட்டது. துரத்தப்பட்ட சொல் ஸ்காத்லாந்தில் 'இல்க்' என்ற உருவில் ஒண்டிக்கொண்டது. அங்கே ஒரு பிரபுவின் பெயரும் அவருடைய நிலத்தின் பெயரும் ஒன்றாக இருந்தால் 'ஆஃப் தட் இல்க்' என்பார்கள், அந்தப் பெயரையே கொண்ட இடத்துக்காரர் என்ற அர்த்தத்தில். இந்த வழக்கம் பிடிபடாத பிற்கால ஆங்கிலேயர்கள் 'இல்க்' என்றால் 'வகை' என்று எடுத்துக்கொண்டார்கள். 'அதுவே' என்று இருந்த சொல் 'அந்த ரகம்' என்று ஆகிப்போயிற்று. இந்தச் சறுக்கலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

'ஸேம்' என்பதன் வேர் ஐரோப்பிய மொழிகளில் பரவிக் கிடக்கிறது. கிரேக்கத்தில் 'ஹோமோஸ்', லத்தீனில் 'ஸிமிலிஸ்', 'ஸிமுல்'. ஸம்ஸ்கிருதத்தில் 'ஸம'. ஒன்று, ஒன்றாக, சேர்ந்து என்பவை மூலத்தின் அர்த்தங்கள். ஆக, நம் சமம், சமானம், சமன் எல்லாம் 'ஸேம்' என்பதற்குப் பங்காளிகள். குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தில் தராசுக்குச் சொல்லப்படும் சமனும், என் மேஜைக்கு வரும் கடிதத்தின் 'ஸேம்' என்பதும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஒன்று நார்ஸ்காரனின் கப்பலில் போயிற்று, மற்றொன்று வடமொழி வழியாக இங்கே வந்தது. கவனிக்க வேண்டியது, வந்த சொல்லை நாம் எதற்கு வைத்துக்கொண்டோம் என்பது. இரண்டு பொருள்களின் எடை, உயரம், உரிமை, இதற்கெல்லாம் சமம். சமவெளி, சமநிலை, சமபங்கு. நேற்றுப் பார்த்ததுதான் இன்று பார்ப்பதும் என்று சொல்வதற்கு மட்டும் சமத்தை நாம் தொடவில்லை. அதற்குப் பழைய சுட்டுச் சொல்லையே வைத்துக்கொண்டோம். அதே.

அது என்பதோடு ஓர் ஏகாரம். இலக்கணக்காரர்கள் இந்த ஏகாரத்துக்குத் தேற்றம் என்றும் பிரிநிலை என்றும் வேலை கொடுத்திருக்கிறார்கள். தேற்றம் என்றால் உறுதி, பிரிநிலை என்றால் மற்றவற்றிலிருந்து பிரித்தல். 'அதே' என்று சொல்லும்போது நான் இரண்டையும் செய்கிறேன். மற்றதெல்லாம் இல்லை என்று பிரிக்கிறேன், இதுதான் என்று உறுதி சொல்கிறேன். அதோடு, சுட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அவன் அதை முன்னால் பார்த்திருக்க வேண்டும். 'ஸேம்' யாரும் பார்க்காமலேயே பொருள்களுக்குள் கிடக்கக்கூடிய ஒரு குணம். 'அதே' என்பதற்கு சாக்ஷி இல்லாமல் உயிர் கிடையாது.

இதனால் ஒரு சௌகரியம் இருக்கிறது. தெருவில் போகிறவனைக் காட்டி, அவன் உன் சட்டையைப் போட்டிருக்கிறான் என்கிற அர்த்தத்தில் 'ஸேம் ஷர்ட்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், சட்டை களவு போயிற்றா அல்லது ஒரே துணிக்கடையில் வாங்கினீர்களா என்று தெரியாது. தமிழில் அதே சட்டை வேறு, அதே மாதிரி சட்டை வேறு. ஜெர்மன்காரர்களுக்கும் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. பேச்சில் அவர்களும் குழப்பிக்கொள்வதாகப் பள்ளிக்கூட வாத்தியார்கள் புலம்புகிறார்கள். நாமும் அதே குழப்பத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், பேச்சில் அல்ல, விமர்சனத்தில். நண்பர் எழுதிய 'அதே ஜன்னல்' உண்மையில் 'அதே மாதிரி ஜன்னல்'. 'மாதிரி' என்ற சொல்லை அவர் விட்டுவிட்டார். 'இல்க்' சறுக்கியதற்கு எதிர்த்திசையில் இது சறுக்கியிருக்கிறது. ரகத்தைப் பார்த்துவிட்டு, அதுவே என்று அடித்துவிட்டார்.

இந்த 'மாதிரி'யை நம் முன்னோர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக வைத்திருந்தார்கள் என்பதற்குத் தொல்காப்பியத்தின் உவமவியலைப் பார்க்க வேண்டும். புலவர் வகுப்பில் மனப்பாடம் செய்யவைத்தே அதைக் கொன்றுவிட்டார்கள். உவமை பிறக்கும் இடங்கள் நான்கு: வினை, பயன், மெய், உரு. மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம் என்று உரைகள் சொல்லும். அதற்கு மேல், 'போல' என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடும் காரியத்துக்கு முப்பத்தாறு உருபுகளை அடுக்கி, வினையில் ஒத்தால் இவை, வடிவில் ஒத்தால் இவை என்று வகுத்திருக்கிறது. கவிஞர்கள் அந்த வேலியை எப்போதுமே மதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'எதில் ஒன்று?' என்ற கேள்வி அங்கே கேட்கப்பட்டிருக்கிறது. மழை பெய்கிறது என்பதில் ஒன்றா, மழை அந்தக் கவிதையில் செய்கிற காரியத்தில் ஒன்றா? இரண்டாவதுதான் பயன். நம் மதிப்புரைகள் வடிவத்தையும் நிறத்தையும் பார்த்துவிட்டு, பயன் வரை போகாமலே கடையைக் கட்டிவிடுகின்றன.

என் உத்தியோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கீழச்சிவல்பட்டியில் ஒரு பாங்கில் குமாஸ்தா. நாள் முழுக்க 'ஸேம்' என்பதோடுதான் பிழைப்பு. 'கைண்ட்லி அக்னாலெட்ஜ் தி ஸேம்' என்று முடியாத ஆபீஸ் கடிதம் கிடையாது. இங்கே அது பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. முன்னால் சொன்ன பொருளைத் திரும்பச் சொல்ல அலுத்துக்கொள்ளும் ஒரு சோம்பேறிச் சொல். பழைய லெட்ஜர்களில் 'டிட்டோ'. அது இத்தாலியின் டஸ்கனிப் பக்கத்துச் சொல், 'சொல்லப்பட்டது' என்று அர்த்தம். பதினேழாம் நூற்றாண்டில், தேதி போடும்போது மாசத்தின் பெயரைத் திருப்பி எழுதாமல் இருக்க ஆங்கிலேயர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். நமக்கு 'மேற்படி'. கையெழுத்துக் கணக்குகளில் அதற்கென்றே ௸ என்று ஒரு குறி உண்டு. அச்சில் அதை 'ஷை' என்று போட்டார்கள். 'ஷை சொத்து', 'ஷையார்' என்று பத்திரங்களில் பார்த்திருப்பீர்கள். 'டிட்டோ' காதுக்குச் சொல்கிறது, முன்பு சொன்னது என்று. 'மேற்படி' கண்ணுக்குச் சொல்கிறது, மேலே பார் என்று. மேலே பார்க்காமல் மேற்படியைப் படிக்க முடியாது. பக்கம் புரண்டுவிட்டால் மேற்படி என்ற சொல் வெறும் அனாதை. பழைய கணக்கப்பிள்ளைகளுக்கு இது தெரியும். புதுப் பக்கத்தின் முதல் வரியில் மேற்படி போட மாட்டார்கள், பெயரை முழுசாக எழுதுவார்கள்.

படி என்ற சொல்லையும் விட மனசில்லை. அளக்கிற படி, ஏறுகிற படி, எங்களுக்கு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை மாறுகிற பஞ்சப்படி, அப்படி இப்படி என்பதன் படி. நகலுக்கும் படி என்றுதான் பெயர். ஓலையில் படியெடுத்தார்கள். படி என்றால் மூலத்தைப் போலவே இருக்க வேண்டும், ஆனால் எந்த இரண்டு படியும் அப்படியே இருந்ததில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா.வுக்கு ஆயுள் முழுக்க இதுவே வேலை. படிகள் எல்லாம் ஒத்திருந்தால் ஒரு அச்சுக்கூடமும் ஒரு குமாஸ்தாவும் போதும், உ.வே.சா. வேண்டியதில்லை.

இந்த ஊர்ப்பக்கத்தில் ஒன்றாயிருப்பது என்பது குடும்ப விவகாரமும்கூட. நகரத்தார் வீடுகளில் ஐயாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். பேரன் என்பதே பெயரன், பெயரைத் தாங்குகிறவன். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வந்துகொண்டிருக்கும். பங்காளி வீடுகளில் ஒரே பாட்டனார் பெயரை நாலைந்து பேர் வைத்திருப்பார்கள். குழப்பம் வராமல் இருக்கத்தான் விலாசம், பெயருக்கு முன்னால் வரிசையாக நிற்கிற அந்தத் தலைப்பெழுத்துகள். ரங்கூனிலும் பினாங்கிலும் லேவாதேவி நடந்த காலத்தில் அந்த எழுத்துகளுக்குத்தான் நாணயம் இருந்தது. பெயர் ஒன்றாக இருக்க வேண்டும், ஆள் வேறாகத் தெரிய வேண்டும்: இரண்டையும் ஒரு சேரச் சமாளித்த ஏற்பாடு. மரபு, தனித்துவம் என்று நாம் கட்டுரை கட்டுரையாக அடித்துக்கொள்கிற சங்கதியை இவர்கள் பேரேட்டில் ஒரு வரியில் முடித்திருக்கிறார்கள்.

போன வருஷம் ஓர் ஆச்சி வைப்புநிதியைப் புதுப்பிக்க வந்தார்கள். எண்பதைத் தாண்டிய வயசு. எங்கள் பழைய பதிவில் பெயரோடு 'ஆச்சி' சேர்ந்திருக்கிறது. ஆதார் அட்டையில் வெறும் பெயர். இப்படி வந்தால் 'ஒன் அண்ட் தி ஸேம்' என்று ஓர் உறுதிப் பத்திரம் வாங்க வேண்டும். (ஆங்கிலச் சட்டத்துக்கு 'ஸேம்' மட்டும் போதவில்லை, 'ஒன்' என்பதையும் முட்டுக்கொடுக்கிறது. வேரைப் பார்த்தால் ஒன்றும் ஒன்றும் என்றுதான் சொல்கிறது.) நான் சொன்னேன்:

"ஆச்சி, புஸ்தகத்துல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு. ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு பத்திரம் எழுதி வாங்கணும்."

"ரெண்டு பேருன்னு ஆரு தம்பி சொன்னா? நான் ஒருத்திதான வந்திருக்கேன்?"

பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு என்று ஆக்கியது நான். ஒன்று என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள். மறுவாரம் பத்திரம் வந்தது. நோட்டரியின் முத்திரை, 'மேற்படி இருவரும் ஒருவரே' என்ற வாசகம். அதில் போட்டிருந்த கையெழுத்து எங்களிடம் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. இவர்கள் கை நடுங்குகிறது, மாதிரிக் கையெழுத்து நாற்பது வருஷத்துக்கு முந்தையது. வேறு தாளில் போடச் சொன்னேன். அதுவும் ஒக்கவில்லை. வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். கடைசியில், செய்யக்கூடாத ஒரு காரியம் செய்தேன். கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பி, பழைய கையெழுத்தைக் காட்டி, இதைப் பார்த்துப் போடுங்கள் ஆச்சி என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக, தன் கையெழுத்தையே படியெடுத்துக் கொடுத்தார்கள். அது ஒத்துப்போயிற்று. பணம் புதுப்பிக்கப்பட்டது. அசல் கையெழுத்துகள் இரண்டும் தள்ளுபடி, போலிக்கு அனுமதி.

இதே காரியம் இலக்கியத்தில் நடக்கவில்லை என்கிறீர்களா? புதுமைப்பித்தன் விஷயம் எல்லோருக்கும் தெரியும். தழுவல் கூடாது, மொழிபெயர்ப்பே வேண்டும் என்று முப்பதுகளில் வாதாடியவர் அவர். அவருடைய சில கதைகள் மாப்பஸானின் தழுவல்கள் என்ற குற்றச்சாட்டு 1948இல் அவர் செத்தும் ஓயவில்லை. 1999இல் ரகுநாதன் ஒரு புஸ்தகமே எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எது எதிலிருந்து வந்தது என்ற துப்பறியும் வேலை அவசியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் சம்பவத்தின் வடிவம் ஒத்துப்போனதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டார்கள். தொல்காப்பியனின் பயன் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை.

1939இல் போர்ஹே எழுதிய ஒரு கதையில் பியேர் மெனார் என்கிற பிரெஞ்சுக்காரன், செர்வாண்டஸின் டான் க்விக்ஸோட்டை, நகலெடுக்காமல், தானே எழுத முயல்கிறான். சில பகுதிகள் சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. கதைசொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்து, எவ்வளவு வேறு வேறு பாருங்கள் என்று வியக்கிறான். இங்கே இதை வாசித்த நண்பர்கள் இதை ஒரு மூளை விளையாட்டு என்று ரசித்தார்கள். எனக்கு அது கிண்டலாகவும் தோன்றுகிறது, நிஜமாகவும் தோன்றுகிறது. மெனாரின் எழுத்து செர்வாண்டஸுடையதாக ஆகாமல் போனது, முந்நூறு வருஷம் கழித்து வேறொரு ஆள் வேறொரு இடத்திலிருந்து சுட்டியதால். சொல் ஒன்றுதான். சுட்டிய விரல் வேறு.

இதற்கு எதிரான வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். இப்படிப் பார்த்தால் போலி என்று எதையுமே சொல்ல முடியாதே? வானம்பாடிக்குப் பின்னால் புறப்பட்ட ஆயிரம் வானம்பாடிகளையும் தனித்தனி விரல்கள் என்று கும்பிட வேண்டுமா? வேண்டாம். போலி இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் போலி என்று சொல்கிறவன் மேலே பார்த்துச் சொல்ல வேண்டும். மேலே இருப்பது எது, எந்த வரியில் எதில் ஒக்கிறது என்று முழுப்பெயரையும் எழுத வேண்டும். புதுப் பக்கத்தின் முதல் வரியில் மேற்படி போடக்கூடாது.

நான் போட்டிருக்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால், இப்போது நின்றுபோய்விட்ட ஒரு பத்திரிகையில், ஐந்து கவிதைத் தொகுதிகளுக்கு ஒரு மதிப்புரை எழுதினேன். முதல் மூன்றும் செட்டிநாட்டு வீடுகள் காலியாவதைப் பற்றியவை: வௌவால், பூட்டு, பர்மாத் தேக்கு. அந்த மூன்றுக்கும் ஒரு பக்கம் எழுதி, நான்காவது தொகுதியின் பெயரைப் போட்டு, அதற்கு எதிரே 'மேற்படி' என்று மட்டும் எழுதினேன். பிரமாதமான கிண்டல் என்று அப்போது நினைத்தேன். டீக்கடையில் இரண்டு நண்பர்கள் சிரித்தார்கள். எழுதியவர் பக்கத்து ஊர்க்காரர். பதில் எழுதவில்லை. அதன் பிறகு அவர் பெயரை நான் எந்தப் பத்திரிகையிலும் பார்க்கவில்லை. என் ஒரு சொல்லால்தான் நிறுத்தினார் என்று எண்ணிக்கொள்வதும் ஒரு கர்வம்தான். அதை நான் எண்ணவில்லை.

போன மாசம், நண்பரின் ஒன்பது 'அதே'க்களைப் படித்த சூட்டில், அந்தத் தொகுதியைத் தேடி எடுத்தேன். முப்பத்திநாலாம் பக்கத்தில் ஒரு கவிதை. காரைக்குடியில் பழஞ்சாமான் கடைகள் இருக்கிற தெரு. ஒருவன் வேறு எதற்கோ போகிறான். சுவரில் சாத்திவைத்திருக்கிற நிலைக்கதவைப் பார்க்கிறான், தன் வீட்டுக் கதவு. பாகம் பிரிந்தபோது இன்னொரு பங்காளி விற்றது. இதுவரை மற்ற மூன்று தொகுதிகளிலும் உள்ளதுதான். தீஸியஸின் கப்பலைப் பற்றிய பழைய புதிரில் ஹாப்ஸ் சேர்த்த திருப்பமும் இதுதான்: பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்து, கழற்றிப் போட்ட பழைய பலகைகளை வேறிடத்தில் சேர்த்துக் கட்டினால் எது அந்தக் கப்பல்? முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ராவில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிற செட்டிநாட்டு வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து நானே இதை யோசித்திருக்கிறேன்.

ஆனால் இந்தக் கவிதையில் வருகிறவன் யோசிப்பதில்லை, அழுவதில்லை. கதவு தன்னுடையது என்று கடைக்காரரிடம் சொல்வதும் இல்லை. என்ன விலை என்று கேட்கிறான். கடைக்காரர் சொல்கிறார். இவன் பாதிக்குக் கேட்கிறான், மரத்தில் சிதல் இருக்கிறது என்கிறான். சிதல் எந்த இடத்தில் என்று அவனுக்குத் தெரியும், சின்ன வயசில் விரலை விட்டுப் பார்த்த ஓட்டை. கடைக்காரர் குனிந்து தேடிப் பார்க்கிறார், கண்டுபிடிக்க முடியவில்லை. பேரம் படியாமலே கவிதை நின்றுவிடுகிறது.

இது மற்ற மூன்றில் எதிலும் இல்லை. என் பிரதியில் பதினோராம் பக்கம் வரைதான் பென்சில் கோடுகள் இருந்தன.